எதுக்கும் ஒரு தடவை

வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அம்மா சொல்வார்: "எதுக்கும் ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துரு." பள்ளிக்கு, கல்யாணத்துக்கு, சென்னை பஸ்ஸுக்கு, எதற்குக் கிளம்பினாலும் இதுதான். வழியில் பெண்பிள்ளை ஒதுங்க இடமிருக்காது என்பது அவருக்குத் தெரியும். அண்ணனிடம் இதைச் சொன்னதே இல்லை.

நான் படித்த பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்தே, காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன்.

24 வயதில், சென்னையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. வந்தால் அடக்க முடியாது. இரண்டு முறை விடுதிப் படியேறும்போதே உடை நனைந்துவிட்டது. "மறுபடியுமா?" என்று டீம் லீடர் எல்லோர் முன்னாலும் கேட்ட நாளிலிருந்து அலுவலகத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். டீயை நிறுத்தவில்லை. தினமும் ஐந்து.

ஊருக்குப் போனபோது அம்மா கவனித்துவிட்டார். பக்கத்து வீட்டு அத்தை எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தார். ருசியாக இருந்தது. வேறு பலன் ஒன்றும் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனேன். பரிசோதனையில் கிருமித்தொற்று இல்லை, சர்க்கரையும் இல்லை. (எரிச்சலோ காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் என்னைப்போல் நாள் கடத்தாதீர்கள்.) மாத்திரை எழுதுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். எப்போது என்ன குடித்தேன், எப்போது, எவ்வளவு போனேன் என்று மூன்று நாள் எழுத வேண்டும். அளக்க ஒரு பிளாஸ்டிக் கப். விடுதியில் அதை ஒளித்துவைக்கப் பட்ட பாடு தனிக்கதை.

ஒரே நாளில் 17 முறை. பெரும்பாலும் 80, 100 மில்லிதான். நானூறு மில்லி வரை தாங்கக்கூடிய பை அது என்றார் மருத்துவர். நிறையும் முன்பே காலி செய்துகொண்டே இருந்தால், கொஞ்சம் சேர்ந்தாலே அவசரம் என்று அது பழகிவிடுமாம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் உறுத்துமாம். நான் இரண்டையும் சிறு வயதிலிருந்தே ஒழுங்காகச் செய்துவந்திருக்கிறேன்.

டீ ஒன்றாகக் குறைந்தது. தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். முக்கால் மணி நேர இடைவெளியை ஒரு மணி நேரமாக்கி, அது பழகியதும் இன்னும் 15 நிமிடம் கூட்டினேன். அவசரம் வரும்போது ஓடக் கூடாது என்பதுதான் கஷ்டம். அசையாமல் உட்கார்ந்து, வாயுவை அடக்குவதுபோலக் கீழே உள்ள தசைகளை ஐந்தாறு முறை சட்டுச்சட்டென இறுக்கித் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. அவசரம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். முதல் தடவை இறங்கியபோது என்னால் நம்பவே முடியவில்லை. தினமும் செய்யும் இடுப்புத்தளப் பயிற்சியும் உண்டு. கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் இதைப் பற்றி எழுதினார். பிரசவமான பெண்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதமாயிற்று. நடுவில் பழையபடி ஆன வாரங்களும் உண்டு. இப்போது இரண்டரை மணி நேரம் தாங்குகிறது. அலுவலகத்தில் பெண்களுக்கான கழிப்பறை இன்னும் இரண்டு மாடி தள்ளித்தான் இருக்கிறது. அதற்குப் பயிற்சி எதுவும் இல்லை.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். செருப்பு மாட்டும்போது அம்மா ஆரம்பித்தார்.

"இப்ப வரலம்மா."

"வரலைன்னா என்ன, எதுக்கும் போயிட்டு வந்துரேன்."

"வரல" என்றேன் மறுபடியும். அம்மா என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, தான் மட்டும் உள்ளே போய்விட்டு வந்தார்.