முல்லைத்தீவுக் கடலுக்குப் போகுமுன்

கடற்கரைப் பயணம் என்று பேச்செடுத்தால் நமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, வேனில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும் என்பதுதான். அடுத்தது, மதியச் சாப்பாட்டை யார் பொறுப்பெடுப்பது. மாமியைக் கூட்டிப் போவதா இல்லையா என்ற மூன்றாவது கேள்வி மெல்லிய குரலில் அடுப்படியில் பேசப்படும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. சகோதரிகளே, கடலோரம் போகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நமது நாடு சிறியதுதான். ஆனாலும் அதன் கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் ஒரே மாதத்தில் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கற்பிட்டி, நீர்கொழும்பு, காலிப் பக்கமெல்லாம் கடல் பொங்கிக் கிடக்கும். அதே மாதங்களில் முல்லைத்தீவு, நிலாவெளி, பாசிக்குடாப் பக்கம் கரையோரக் கடல் குளம் போல இருக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இது தலைகீழாகும். வாடைக்காற்றும் மழையும் கிழக்கைப் பிடித்துக்கொள்ளும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. டிசம்பர் லீவு நீளமானது என்பதற்காக அந்த மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் கடல் குளிக்கப் போகக் கூடாது.

நமக்கு இதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. குடும்பம் முழுவதும் ஒன்றாகக் கூடுவது பெருநாள் லீவில்தானே. காற்று சூரியக் கணக்கில் வருவது. பெருநாள் பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுதோறும் பெருநாள் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டிருக்கும். இலங்கையில் ஹஜ்ஜுப் பெருநாள் 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. 2026இல் அது மே மாதக் கடைசிக்கு வருகிறது. 2027இல் மே மாத நடுவுக்கு. அதாவது, இந்த வருடங்களில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்களுக்குக் கிழக்குக் கரைதான் பொருத்தம். 2030ஐ அண்டி நோன்புப் பெருநாள் பெப்ரவரிக்கும் ஜனவரிக்கும் வந்துவிடும். அப்போது கற்பிட்டிப் பக்கம் யோசிக்கலாம்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கை நான் விளக்கியபோது என் மனைவி சிரித்தார். அவர் புத்தளத்துக்காரி. “ஒரு மணித்தியாலத்தில் கற்பிட்டி இருக்க, இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வேன் பிடித்து முல்லைத்தீவு போக நீங்கள் காற்றையும் பிறையையும் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. உம்மாவின் ஊருக்குப் போகவேண்டும் என்று நேரே சொல்லுங்கள்” என்றார். அதுவும் உண்மைதான்.

நான் தண்ணீரூற்றில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று அடுத்தடுத்திருந்த எங்கள் ஊர்கள் சில நாட்களில் வெறுமையாயின. புத்தளத்தில் வந்து இறங்கி, ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே அரபுக் கல்லூரியில் ஓதி, அங்கேயே பாடசாலையில் ஆசிரியராகி, அங்கேயே நிகாஹும் செய்துகொண்டேன். எனது மூன்று பிள்ளைகளுக்கும் முல்லைத்தீவு என்பது வரைபடத்தில் நீலத்தின் ஓரத்தில் உள்ள ஒரு பெயர். “வாப்பா, அங்கே பீச் நல்லமாமே” என்று மூத்தவள் கேட்டபோது எனக்குச் சற்று நேரம் பதில் வரவில்லை. எங்கள் வாப்பா அந்தக் கடலை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை மீன் எப்படி இருந்தது என்பதுதான் எங்கள் வீட்டில் கடலைப் பற்றிய பேச்சு.

ஆயினும் பிள்ளைகள் கேட்பதில் பிழையில்லை. கரை நீளமானது, மணல் வெண்மையானது, கூட்டம் குறைவு. ஆனால் அது எத்தகைய கரை என்பதை வேனில் ஏறுமுன்னரே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26இல் சுனாமி முல்லைத்தீவு நகரை அள்ளிக்கொண்டு போனது. அதற்கு ஐந்து வருடம் ஆகுமுன், 2009இல், போரின் கடைசி மாதங்கள் இதே கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மணல் திட்டில் நடந்தன. பரந்தன் வழியாக வருகிறவர்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்துதான் நகருக்குள் நுழைவார்கள். அந்த மே மாதத்தில் காயத்தோடும் கைக்குழந்தையோடும் ஆயிரமாயிரம் பேர் வெளியே வந்த பாலம் அது. அங்கே வேனை நிறுத்திப் படம் எடுக்கும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து போரின் மிச்சங்களைப் பார்த்துப் போனார்கள். 2006 டிசம்பரில் கரையருகே தரைதட்டிய ஃபரா-3 என்ற ஜோர்தான் நாட்டுச் சரக்குக் கப்பலின் முன் நின்று படம் எடுக்காதவர் குறைவு. கப்பலைப் பின்னர் இரும்புக்காக வெட்டி எடுத்தார்கள். வந்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல; அவர்களுக்கு அந்த மண்ணில் ஆள் இல்லை. நமக்கு இருக்கிறார்கள்.

எனவே திகதியைத் தெரிவு செய்யும்போது காற்றோடு இதையும் பார்க்க வேண்டும். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அந்த வாரம் முழுவதும் அங்கே வீடுகளில் விளக்கெரியும், சந்திகளில் கஞ்சி வார்ப்பார்கள். நான் மேலே சொன்ன கணக்குப்படி 2027இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஏறக்குறைய அதே நாட்களில் வந்து விழப்போகிறது. புத்தாடையும் அத்தரும் கலகலப்புமாக ஒரு வேன் நிறைய ஆட்கள் அந்த வாரத்தில் அந்தக் கரையில் போய் இறங்கினால் எப்படியிருக்கும்? நம் வீட்டில் மையித் இருக்கும்போது பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டால் நமக்கு எப்படியிருக்குமோ அப்படித்தான். அந்த வருடம் பெருநாளைப் புத்தளத்தில் கழித்துவிட்டு, கடலை ஓகஸ்ட் லீவுக்குத் தள்ளிவைப்பதென்று எங்கள் வீட்டில் முடிவு. சின்னவனுக்கு இதில் பெரும் கவலை. ஓகஸ்டிலும் கடல் இருக்கும் என்று அவனுக்குச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது!

இனி, கரைக்குப் போனபின் கவனிக்க வேண்டியவை. நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் என்று இந்தக் கரை நெடுகிலும் களப்புகள் கடலோடு சேரும் முகத்துவாரங்கள் உண்டு. பார்வைக்கு அதுதான் மிக அழகான இடம். குளிப்பதற்கு அதுதான் மிகக் கெட்ட இடம். களப்பு நீர் கடலுக்குள் பாயும்போது காலுக்கடியில் மணலையும் சேர்த்து இழுக்கும். சாதாரணக் கரையிலும், அலை கொண்டுவந்த நீர் ஓரிடத்தால் ஒடுங்கித் திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை உடையாது, நீர் அமைதி போலத் தெரியும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி மல்லுக்கட்டினால் களைத்துப் போவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகினால் இழுவை விட்டுவிடும். இதைப் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுங்கள். எவ்விடத்தில் இறங்கலாம் என்று வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடம் செலவாகும், அவ்வளவுதான்.

வாகன டியூப்பைக் காற்றடித்துக் கொண்டுபோகும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. சோளகக் காலத்தில் முல்லைத்தீவில் காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் குளம் போலிருப்பதற்குக் காரணமே அதுதான். அதே காற்று, டியூப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். டியூப் வீட்டில் இருக்கட்டும். அதேபோல, பற்றைக்காடுகளுக்குள் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையையோ மஞ்சள் நாடாவையோ கண்டால் அதற்கப்பால் ஓரடி வைக்க வேண்டாம். பந்து போனால் போகட்டும்.

பெண்கள் குளிப்பது பற்றி எனக்குக் கேள்விகள் வருவதுண்டு. ஆட்கள் இல்லாத இடம் என்று அதிகாலையைத் தெரிவு செய்கிறார்கள். சுபஹுக்குப் பின்தான் வள்ளங்கள் கரைக்கு வரும், கரைவலையும் இழுப்பார்கள். அது அவர்களுடைய வேலைத்தலம். அவர்கள் போன பிறகு, வாடிகளை விட்டுத் தள்ளி, ஆண்கள் கரையில் முதுகு காட்டிக் காவலிருக்கப் பெண்கள் ஒன்றாக இறங்கலாம். உடையில் கவனம் தேவை. நீளமான பருத்தி அபாயா நீரை உறிஞ்சிக் கல்லாகக் கனக்கும், கால்களைச் சுற்றிப் பின்னும். தளர்வான நீண்ட மேற்சட்டையும் காற்சட்டையும், நீர் பிடிக்காத துணியில், இறுக்கமாகக் கட்டிய தலைத்துணியும் மறைவுக்கும் போதும், உயிருக்கும் பாதுகாப்பு.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. சுனாமியில் நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நமது ஊர்களில் ஜனாஸாக்களை எண்ண முடியாமல் போனது. 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, பாதிக்கப்பட்ட பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்ததை எடுத்துக் காட்டியது. நீந்தத் தெரியாமை, மரமேறத் தெரியாமை, பிள்ளைகளைத் தேடித் திரும்பிப் போனமை என்று காரணங்கள். கடலோரத்திலேயே பிறந்து வளரும் நமது பெண்பிள்ளைகள் இடுப்பளவு நீரில் மிதக்கவும் தெரியாமலிருப்பதை ஹயா என்று சொல்ல என்னால் முடியாது. எனது மகள்மார் இருவரும் அவர்களுடைய மாமியிடம் மிதக்கப் பழகிவருகிறார்கள். மூக்குக்குள் நீர் போனால் அழுகை, மறுநாள் மீண்டும் இறக்கம்.

தொழுகைக்கு அங்கே சிரமமில்லை. கடல் நீரில் வுழூச் செய்யலாமா என்று ஸஹாபாக்களே கேட்டு, நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த விடயம் அது. ஆகவே கொண்டுபோகும் நல்ல தண்ணீரைக் குடிக்கவும் பிள்ளைகளின் கண் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். தூரம் கஸ்ருக்குப் போதுமானது. போகும் நாளும் திரும்பும் நாளும் சேராமல் முழுமையாக நான்கு நாள் தங்கும் நிய்யத் இல்லாவிட்டால் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம்.

2012இல் உம்மாவை முதல்முறையாகத் தண்ணீரூற்றுக்குக் கூட்டிப் போனேன். லுஹருக்கு நிற்கும்போது, “மகன், இது என் ஊர். என் ஊரில் நான் எப்படி முஸாபிர் ஆவேன்?” என்று கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். மக்காவில் பிறந்த நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குடியமர்ந்த பின், ஹிஜ்ரி 8இல் மக்காவை வெற்றிகொண்டு அங்கே தங்கியிருந்தபோது கஸ்ராகவே தொழுதார்கள். பிறந்த ஊரானாலும் வசிப்பிடம் வேறாகிவிட்டால் பயணிதான். உம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான்கு ரக்அத்தாகவே தொழுதார். பயணி முழுமையாகத் தொழுதாலும் தொழுகை கூடும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஆகையால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அன்று நாங்கள் முதலில் போனது உம்மாவின் பழைய சிநேகிதி ஒருவரின் வீட்டுக்கு. எங்கள் கிணறும் அவர்கள் கிணறும் ஒரே வேலிக்கு இரு பக்கமும் இருந்தன. 1990இல் நாங்கள் போனபின் எங்கள் ஆட்டுக்குட்டிகளுக்குத் தவிடு வைத்தவர் அவர். 2009இல் அவருடைய இரண்டாவது மகன் முள்ளிவாய்க்காலில் தவறிப்போனார். அதன்பின் அவர் கடற்கரைப் பக்கம் போனதில்லை, மீனும் சாப்பிடுவதில்லை. இம்முறை நாங்கள் வருவதை உம்மா தொலைபேசியில் சொன்னபோது, “ஹோட்டலில ஏன் காசைக் குடுக்கிறியள், இஞ்ச நில்லுங்கோ. பிள்ளையள் கடலுக்குப் போகட்டும், நீ என்னோட இரு” என்றாராம்.

அப்படியே முடிவாகியிருக்கிறது. இரண்டு இரவு, மூன்று நாள். இரண்டாம் நாள் அஸருக்குப் பின் நாங்கள் கடலுக்கு. உம்மா அந்த வீட்டுத் திண்ணையில். அந்த அம்மா கேட்டிருப்பது வட்டிலப்பம். அவித்துக் கொண்டுபோனால் அந்த வெயிலில் வவுனியா தாண்டுமுன் கெட்டுவிடும் என்கிறார் என் மனைவி. முட்டையும் கித்துல் கருப்பட்டியும் ஏலமும் இங்கிருந்து போகும். தேங்காய் அங்கே வாங்குவது.