பழைய ஃப்ரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் பாசி எடுத்திருக்கோம்னு சொன்னா ஹாஸ்டலே சிரிக்குது. "பாத்ரூம் சுவத்துல இல்லாத பாசியா மச்சி?"

இது வேற பாசி. பெயர் பிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ். 1962-ல் இங்கிலாந்தின் கிரான்ஸ்டென் காட்டில் எடுத்த பாசியின் ஒரே ஒரு ஸ்போரிலிருந்து வந்த வம்சம். 2008-லேயே இதன் ஜீனோம் வெளியாகிவிட்டது. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: அது ஸ்போர் கேப்ஸ்யூல் வைக்கணும், அந்த நேரத்தில் எந்த ஜீன் விழிக்கிறது என்று பார்க்கணும்.

25 டிகிரி, 16 மணி நேர வெளிச்சம். தட்டு முழுக்கப் பச்சைப் பசேல். மூணு மாசம் ஆகியும் ஒரு கேப்ஸ்யூல்கூட இல்லை. முதல் ரிவ்யூவில் "நல்லா வளருது சார்" என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

படிச்சிட்டு ஆரம்பிச்சிருக்கணும், நாங்க ஆரம்பிச்சிட்டுப் படிச்சோம். இந்தப் பாசி குளக்கரைச் சேற்றில் வளர்வது. பகல் சுருங்கி, குளிர் வந்தால்தான் ஆண், பெண் உறுப்புகளை உண்டாக்கும். லேபில் அதற்கு 15 டிகிரி, 8 மணி நேர வெளிச்சம் வேணும். அந்தக் குளிரில் மேட்ஸ்-பாக்ஸ் ஜீன் ஒன்று கூடுதலாக வேலை செய்வதை 2002-லேயே ஜெர்மனியில் காட்டிவிட்டார்கள். பூச்செடிகளில் இதழ் எங்கே, மகரந்தம் எங்கே என்று முடிவு செய்கிற அதே ஜீன் குடும்பம். பாசிக்குப் பூவே கிடையாது! இங்கே அந்தக் குடும்பம் விந்தணு நீந்துவதற்கு உதவுகிறதாம்.

லேபில் இருக்கிற ஒரே சேம்பரை 15-க்கு இறக்கினால் வாழை டிஷ்யூ கல்ச்சர் டீம் எங்களைக் கொன்னுடும். கடைசியில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், தெர்மோஸ்டாட், எல்இடி பட்டை, ட்ரிபிள்இ நண்பனிடம் கடன் வாங்கிய டைமர். கரண்ட் போன ராத்திரிகளில் ஐஸ் பாட்டில்.

மூணு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒரே தண்டின் நுனியில் ரெண்டு உறுப்பும்! சத்தியமா கத்திட்டேன். விந்தணு நீந்த வேண்டுமே என்று தட்டுகளில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்.

பன்னிரண்டு தட்டில் ரெண்டே கேப்ஸ்யூல்.

இந்தத் தடவை தப்பு எங்களுது மட்டும் இல்லை. கிரான்ஸ்டென் வம்சத்தைப் பல லேப்களில் வருஷக்கணக்காக நறுக்கி நறுக்கியே வளர்த்திருக்கிறார்கள். குளிர்காலமே பார்க்காமல் இருந்ததில் ஆண்பக்கம் பழுதாகி, விந்தணு வாலுக்கான ஜீன் ஒன்றும் கெட்டுவிட்டது. அதனால்தான் பலரும் 2006-ல் ஜெர்மனியில் எடுத்த ரொய்ட்டே வம்சத்துக்கு மாறிவிட்டார்கள். எங்ககிட்ட அது இல்லை.

ரெண்டு கேப்ஸ்யூலை வைத்து ஜீன் பார்க்க முடியாது. 25 டிகிரி நுனிக்கும் 15 டிகிரி நுனிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் திங்கட்கிழமை ரிவ்யூவில் காட்டப் போறோம். அதுக்குள்ள அந்த ட்ரிபிள்இ நண்பன் டைமரைத் திருப்பிக் கேட்காம இருக்கணும்.