மெருகும் ஓசையும்

பெல்ஜிய நாட்டுத் தினான் நகரில் 1814-ஆம் ஆண்டு பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பார், பாரிசு மாநகரில் வாழ்ந்தபோது தாம் புனைந்த புதிய இசைக்கருவிக்கு 1846-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் அது சாக்சபோன் எனப்பட்டது. கருநாடக இசையை இக்கருவியில் இசைத்துப் பெரும்புகழ் ஈட்டியவர், 2019-இல் மறைந்த கத்ரி கோபால்நாத் ஆவார். இதன் உடல் பித்தளையால் ஆயதெனினும், நாகசுரத்தைப் போலச் சீவாளியின் துடிப்பாலேயே இஃது ஒலிக்கின்றது. ஆதலின் மேனாட்டார் இதனை மரக்குழற் கருவிகளின் இனத்தில் வைத்து எண்ணுவர்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் வியர்வையும் பட்டால் அது நிறம் மங்கிக் களிம்பேறும். அதனைத் தடுக்கவே கம்மியர் பூச்சுகளை நாடினர். 1920-களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கருவிகள் பல வெள்ளி முலாம் பூண்டவை; விலையுயர்ந்தவை சில பொன் முலாம் பூண்டவை. பின்னர் லாக்கர் என்னும் மெருகுப்பூச்சு பெருவழக்காயிற்று. சில கருவிகளில் உடல் லாக்கர் பூச்சையும், விரல்கள் ஓயாது தீண்டும் விசைகள் நிக்கல் முலாமையும் பெற்றன. நிக்கல் கடினமானது, தேய்வைத் தாங்க வல்லது.

இப்பழங்கருவிகளை விரும்பித் தேடுவோர் பலர், பூச்சுக்கு ஏற்ப ஓசையும் மாறும் என்பர். அதன்பொருட்டு மிகுபொருள் கொடுப்பாரும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. குழற்கருவியில் முதன்மையாக ஒலிப்பது குழலினுள் அடங்கிய காற்றே. உட்குழலின் கூம்பு வடிவும், துளைகளின் அளவும், ஊதுவாயும், சீவாளியும், ஊதுவோன் திறனுமே அதன் ஓசையை வகுக்கின்றன. முலாமோ தலைமயிரினும் மெல்லியது.

ஜான் கோல்ட்மன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர், உள்ளளவு ஒத்த மூன்று குழல்களை வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் அமைத்தார். அவற்றின் ஊதுவாயை மட்டும் ஒரே பொருளால் செய்தார். கருவியைக் காணாது கேட்ட இசைப்பயிற்சியுடையோரால் அவற்றை வேறுபடுத்த இயலவில்லை, ஊதியோராலும் இயலவில்லை. இம்முடிவு 1971-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1953-இல் தொரான்றோ நகரின் மாசி மண்டபத்தில், பேரிசைஞர் சார்லி பார்க்கர் பிளாஸ்டிக்கால் ஆகிய சாக்சபோனை ஊதினார். அவ்விசைப்பதிவை இன்றும் உலகம் போற்றுகின்றது.

அங்ஙனமாயின், புதுமெருகிட்ட பழங்கருவி ஓசை கெட்டது என வல்லுநர் சிலர் வருந்துவது ஏன்? அதற்குக் காரணம் உண்டு. புதுப்பூச்சிடுமுன் கருவியைச் சுழலும் துணிச்சக்கரத்தால் தேய்த்து மினுக்குவர். தேய்ப்பு மிகுந்தால் பித்தளையும் தேயும். துளைகளின் விளிம்பு சமன் குன்றும். தோல் பொதிந்த மூடிகள் அவற்றின்மீது செவ்வனே படியா. காற்றுக் கசியும், ஓசை தளரும். நூறாண்டு பிழைத்த நற்கருவி, அழகு செய்யப் புகுந்தார் கையாலேயே நலிவுறுவது இவ்வாறுதான்.

பூச்சால் ஓசை மாறிற்று என்போர் பொய்யுரைப்பவர் அல்லர். பொன்னொளியைக் கண்ட கண், செவி கேட்குமுன்னரே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. மாணவர்களே, கண்டதையும் கேட்டதையும் அப்படியே கொள்ளாது, தீர விசாரித்து மெய் காணும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளுங்கள்.