இரண்டு சீட்டுக் கார்

லண்டனுக்கு வந்தும் எங்கட ஆட்களின் தலைக்குள் கொழும்புக் கணக்குத்தான் ஓடுகிறது. கார் வாங்கப் போகிறேன் என்றால் முதல் கேள்வி, "விக்கேக்க என்ன விலை போகும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வெள்ளவத்தையில் பழைய கரோலாவை வாங்கிய விலைக்கு மேலேயே விற்றவர்கள் உண்டு. இங்கே நிலைமை தலைகீழ். இருபது வருடம் ஓடிய காரை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால்தான் நடுவில் எஞ்சின் வைத்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார், சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் கைக்கும் எட்டுகிறது.

நான் வைத்திருப்பது டொயோட்டா எம்.ஆர்.2 ரோட்ஸ்டர். 1999இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை, 1.8 லீட்டர் எஞ்சின், எடை ஏறக்குறைய ஒரு தொன். இரண்டே சீட். டிக்கி கிடையாது. முன்பக்க மூடியைத் திறந்தால் ஸ்பெயார் டயர்; சாமான் வைக்க சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டா: "ரெண்டு பேர்தான் ஏறலாமெண்டா அதுக்குப் பேர் காரா?" கட்டுநாயக்காவுக்குப் போய் எத்தனை பேரையும் எத்தனை சூட்கேசையும் ஏற்றி வரலாம் என்பதை வைத்தே வாகனத்தை மதித்த குடும்பம் எங்களுடையது.

ஆனால் நடு எஞ்சின் எங்களுக்கொன்றும் புதிதல்ல. கொழும்பு வான்களில் சீட்டுக்கு அடியில் எஞ்சின் கொதிக்க, யாழ்ப்பாணம் வரைக்கும் சூட்டில் குந்தியிருந்தவர்கள் நாங்கள். 1990இல் வந்த எஸ்டிமா இன்னும் ஒரு படி மேல்: எஞ்சினைச் சரித்துப் படுக்க வைத்து முன் சீட்டுக்குக் கீழே திணித்திருந்தார்கள். அதில் ஏறிக் கல்யாணத்துக்குப் போன எவரும் தான் ஸ்போர்ட்ஸ் கார் அமைப்பில் போகிறேன் என்று நினைத்திருக்க மாட்டார்.

தெரிவு செய்யும்போது கொழும்புப் புத்திதான் கைகொடுத்தது. கார் பார்க்கப் போனால் முதலில் பொனெட்டில் கை வை, சூடாக இருந்தால் உனக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்பது பஞ்சிகாவத்தைப் பக்கத்து மெக்கானிக் பாஸ் ஒருவர் சொன்ன பாடம். இந்தக் காரில் கை வைக்க வேண்டிய இடம் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு டிப்ஸ்டிக். 2003க்கு முந்திய எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் வழியாக ஒயில் எரிவது தெரிந்த குறை. ஒயில் எரிந்தால் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குள் இருக்கும் இரண்டு சின்ன கட்டலைட்டிக் கொன்வேட்டர்கள் பொடிந்து, அந்தத் தூள் எஞ்சினுக்குள்ளேயே திரும்பிப் போய் சிலிண்டரை அரிக்கும். ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளைக்குள் டோர்ச் அடித்தால் தேன்கூட்டுக் கண்கள் ஒழுங்காகத் தெரிய வேண்டும். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வணக்கம் சொல்லி வந்துவிடுவது நல்லது.

மற்றவையும் பார்த்தேன். 1995இல் வந்த எம்.ஜி.எஃப். மலிவு, ஆனால் அதன் எஞ்சினில் ஹெட் காஸ்கெட் போவது பேர்போன வியாதி. போர்ஷ் பொக்ஸ்டரின் பெயருக்கு எங்கட கல்யாண மண்டபங்களில் மரியாதை அதிகம். முதல் தலைமுறை வாங்கும் விலையில் பயமில்லை. எஞ்சினுக்குள் ஐ.எம்.எஸ். பெயாரிங் உடைந்தால் வரும் பில்லில்தான் பயம். என் தீர்ப்பு டொயோட்டா பக்கம். ஊர்ப்பாசம் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

ஓட்டும்போது மழைதான் சோதனை. பாரம் நடுவில் இருப்பதால் திருப்பத்தில் ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும். ஆனால் ஈர ரவுண்டபவுட்டில் சட்டென்று அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. மாற்றிப் போட முடியாது. தேய்ந்த டயரோடு இந்தக் காரை ஓட்டுவது மடத்தனம்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல். வண்டி இலக்கத்தை அரசாங்கத்தின் இணையத்தளத்தில் போட்டால் 2005இலிருந்து எம்.ஓ.டி. என்ற வருடாந்த வாகனச் சோதனையின் முடிவுகள் இலவசமாக வரும். எந்த வருடம் துரு கண்டார்கள் என்பதும் அதில் இருக்கும். 2023 ஓகஸ்ட் 29இலிருந்து லண்டன் முழுவதும் உலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு வலயம். தகுதியில்லாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண்ட். அதையும் இலக்கத்தைப் போட்டே பார்த்துவிடுங்கள். ஓட்டி அலுத்தபின் ஊருக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். இலங்கை மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காரை உள்ளே விடாது, எம்.ஆர்.2 தயாரிப்பு 2007இலேயே நின்றுவிட்டது.