தீப்பெட்டிக்குள் அடங்கிய கார்

ராமேஸ்வரத்தில் இருந்துகொண்டு சின்னப் பொம்மைக் கார்கள் சேகரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்கும் சோழியும்தான் குவிந்து கிடக்கும். நல்ல கார் வேண்டுமென்றால் மதுரைக்குப் போகணும், இல்லாவிட்டால் ராத்திரி ரயிலேறி சென்னைக்கு.

சென்னையில் மால்களையும் விடமாட்டேன், பாரிமுனைப் பக்கத்துப் பொம்மைக் கடைகளையும் விடமாட்டேன். அட்டையைத் திருப்பிப் பார்க்கணும். பெயின்ட் வழிந்திருக்கிறதா, சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கவனிக்கணும். ஹாட் வீல்ஸ் என்ற பிராண்டின் காரில் ரப்பர் டயரும், வண்டி மேல் பொடியாக ‘டி.எச்.’ என்ற எழுத்தும் இருந்தால் அது சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் என்ற அரிய வகை. கை நடுங்கிவிடும்.

இந்தப் பிரியத்துக்கு வயது அதிகம். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால், லண்டனில் ஜாக் ஓடெல் தன் மகளுக்காகக் குட்டி ரோடு ரோலர் ஒன்றைச் செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1953-இல் வந்த மேட்ச்பாக்ஸ் பொம்மை வண்டிகள். ஹாட் வீல்ஸ் வந்தது 1968-இல்.

ஆனாலும் எனக்கு உயிர் அம்பாசடர்தான். அசல் வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. சென்டி டாய்ஸின் பிளாஸ்டிக் அம்பாசடரைப் பின்னால் இழுத்துவிட்டால் இன்றும் விர்ரென்று ஓடும்.

சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுவிற்பனைக்காகக் கடையையே காலி செய்யாதீர்கள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கும் நாலு வண்டி மிச்சம் இருக்கட்டும். இது முதலில் அவர்களுடைய பொம்மை.