வெற்றிமலையான் துணை

வங்கக் கடலின் நடுவே, சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத் தொலைவில் உள்ளது அந்தமான். அதன் தலைநகரான போர்ட் பிளேயர், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறுகிறது.

கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு என் பேத்தி அங்கே ஆசிரியப் பணி ஏற்றபோது, எங்கள் இல்லத்தில் மகிழ்ச்சியினும் கலக்கமே மிகுந்தது. சென்ற மார்கழியில் அவளைக் காணச் சென்றேன். நம் கடிகார நேரமே அங்கும். ஆயினும் கதிரவன் மாலை 5 மணியளவிலேயே மறைந்துவிடுகிறான். விளக்கு வைக்கும் அவ்வேளையில்தான் வீட்டு நினைவு வரும் என்றாள்.

அவள் வகுப்பில் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி பேசும் பிள்ளைகள் அருகருகே அமர்கின்றனர். பிரிவினையால் வீடிழந்து வந்த வங்காளிகளின் வழியினரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் வழியினரும் அத்தீவுகளில் வாழ்கின்றனர். தொல்குடியினர் நீங்கலாக அங்குள்ளோர் யாவரும் கடல் கடந்து வந்த குடும்பத்தினரே. ஆதலின், புதிதாக வந்தவளை அவர்கள் அயலாளாக எண்ணவில்லை. பண்டிகை நாளில் அவளுக்கும் ஓர் இலை போடுகிறார்கள்.

நகரிலுள்ள வெற்றிமலை முருகன் சந்நிதியில் மாலைதோறும் வழிபட்டே அவள் வீடு திரும்புகிறாள். பிள்ளைகளைத் தொலைவில் அனுப்பியிருக்கும் பெரியோர்களே, கலங்க வேண்டா. நம் பிள்ளைகளுக்கு முன்னரே அங்குச் சென்று கோயில் கொண்டிருக்கிறான் குமரன்.