தேய்த்தால் தீராத நோய்

சொரியாசிஸ் எனும் தோல்நோயுடன் எங்கள் குடும்பம் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. சித்த மருத்துவத்தில் இது காளாஞ்சகப்படை எனப்படும். எங்கள் அத்தாவின் முழங்கைகளிலும் முழங்கால்களிலும் சிவந்த தடிப்புகள் எழும். அவற்றின்மேல் வெண்செதில்கள் படியும். "நாரிட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள், போய்விடும்" என்று பரிவுடன் சொல்லாத உறவினர் இல்லை.

அச்செதில்கள் அழுக்கல்ல. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்வதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலெழுந்து குவிகின்றன. தேய்ப்பது நோயைப் பெருக்கவும் கூடும். கீறல், பச்சை குத்திய தடம், குதிரை கடித்த காயம் ஆகிய இடங்களில் புதிய தடிப்புகள் முளைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் கோப்னர் பதிவு செய்தார். இன்றும் அது 'கோப்னர் விளைவு' என்றே வழங்குகிறது. பெரும்பாலும் காயம்பட்ட இரண்டு வாரங்களையொட்டித் தடிப்பு தோன்றும். எல்லா நோயாளருக்கும் இவ்வாறு நேர்வதில்லை, அத்தாவுக்கு நேர்கிறது. கைக்கடிகாரப் பட்டையின் உராய்வே அவருக்குப் போதும்.

ஆகவே அத்தா உளூச் செய்கையில் நீரை மென்மையாக ஓடவிடுகிறார், துண்டால் ஒற்றியெடுக்கிறார், பின்னர் ஈரப்பதம் காக்கும் களிம்பைப் பூசுகிறார். தொழுகை விரிப்பின்கீழ் மெத்தென்ற துணியொன்றை விரித்துக்கொள்கிறார். இது மார்க்கத்தில் காட்டும் அலட்சியமன்று. உளூவைக் கற்பிக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனமே நோயாளிக்குத் தயம்மும் எனும் சலுகையையும் தருகிறது. நம்மைச் சிரமப்படுத்த அல்லாஹ் நாடவில்லை என்றும் உணர்த்துகிறது. ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை, தோல் அரிப்பால் வருந்திய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். புண் வெடித்து நீர் படக்கூடாத நிலை வந்தால், மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவதே முறை.

அத்தாவை உடல்வேதனையினும் மிகுதியாக வருத்துவது ஒன்றுண்டு. பள்ளிவாசலில் ஸஃப்பில் நிற்கையில், அவர் கையைக் கண்டு பக்கத்திலிருப்பவர் சற்றே விலகி நிற்பார். இது தொற்றுநோயன்று என 2014இல் உலக சுகாதாரப் பேரவையே தீர்மானத்தில் குறிப்பிட்டது. தொடுவதாலோ, ஒரே ஹவுளில் உளூச் செய்வதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ எவருக்கும் பரவாது.

அன்பிற்குரியோரே, உங்கள் ஸஃப்பிலும் இத்தகையோர் இருக்கக்கூடும். தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள். எல்லா நோயாளிகளுக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக, ஆமீன்.